பிரேக் தூளும் பூச்சுப் போட்ட வீல்களும்: தண்டையார்பேட்டைக் கடை ஒன்றைப் பற்றி

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் ஒரு சந்தில், இரண்டு கார்கள் நிற்கும் அளவே இடமுள்ள தகரக் கொட்டகையில், வண்டிகளை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் ஒரு டீட்டெய்லிங் கடை இயங்குகிறது. கடந்த ஐந்து மாதங்களில் மூன்று முறை அங்கே என் காரின் வீல்களையும், பிரேக் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்களையும் சுத்தம் செய்துகொண்டேன். வீல் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம், நான்கிற்கும் 1,000 ரூபாய் வாங்குகிறார்கள். அதில் பாதிக் காசுக்குத் தெருமுனை வாட்டர் வாஷில் முழு வண்டியையும் கழுவித் தந்துவிடுவார்கள் என்பதால், வீல் கழுவ ஆயிரம் ரூபாயா என்று என் வீட்டிலேயே கேள்வி எழுந்தது. இந்த மதிப்புரை அதற்கான பதிலும்தான். ஒரு நாளைக்கு மூன்று வண்டிகளுக்கு மேல் எடுக்க முடியாது, பெயரைப் போட்டுக் கூட்டம் சேர்த்துவிட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரை எழுதவில்லை.

என் வண்டி 2016இல் வாங்கிய ஸ்விஃப்ட். முன்பக்கம் டிஸ்க் பிரேக், பின்பக்கம் டிரம். அலாய் வீல்களின் ஓரங்கள் நடைமேடையில் உரசிப் போயிருந்ததால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய பெயிண்டை எடுத்துவிட்டுப் பளபளப்பில்லாத அடர்சாம்பல் நிறத்தில் பவுடர் கோட்டிங் போட்டு, அதன் மேல், தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமலிருக்கச் செராமிக் கோட்டிங்கும் போட்டுக்கொண்டேன். காலிப்பர்களுக்குச் சிவப்பு நிறம், அதுவும் பவுடர் கோட்டிங்தான். பவுடர் கோட்டிங் என்பது நிறத்தூளை மின்னூட்டத்தால் உலோகத்தின் மேல் ஒட்டவைத்து, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூட்டில் அடுப்பில் வைத்து உருக்கி இறுகச் செய்வது; வழக்கமாக 60 முதல் 80 மைக்ரான் வரை கனம் வரும். செராமிக் கோட்டிங்கின் கனமோ ஓரிரு மைக்ரான்தான். முன்னது கம்பளி என்றால் பின்னது மல் துணி. கம்பளியை அலசுவதுபோல மல் துணியை அடித்துத் துவைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் பெரும்பாலான கடைகளில் பூச்சுப் போட்ட வீல்களுக்கு நடக்கிறது.

எனக்கும் நடந்தது. ஓர் அவசர நாளில், எண்ணூர் விரைவுச் சாலையில் வெகுதூரம் ஓட்டி வந்த சூட்டோடு வண்டியை வேறொரு வாட்டர் வாஷ் கடையில் விட்டேன். மதிய வெயிலில், சீட்டு எதுவும் ஒட்டாத ஒரு பிளாஸ்டிக் புட்டியிலிருந்து மஞ்சளான ஒரு திரவத்தை முன்வீல்களின் மேல் அடித்தார்கள். அரை நிமிடத்தில் கறுப்பெல்லாம் வழிந்து ஓடியது. எனக்கும் அப்போது மகிழ்ச்சிதான். வீட்டுக்கு வந்து வீல்கள் நன்றாகக் காய்ந்த பிறகு பார்த்தால், திரவம் வழிந்த தடம் முழுவதும் வெளிறிய கோடுகளாக நின்றது. பூச்சுப் பெயர்ந்திருந்த ஒரு சிறு இடத்தில் வெளியே தெரிந்த அலுமினியம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. மறுநாள் போய்க் கேட்டபோது, அது குளியலறை ஆசிட்டில் தண்ணீர் கலந்தது என்று அங்கே வேலை செய்த இளைஞரே ஒளிக்காமல் சொன்னார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு, புளிப்பு அழுக்கை எடுக்கும் என்பது யாரும் சொல்லித் தராமலே தெரியும். ஆனால் பித்தளை விளக்கில் புளி தின்பது உலோகத்தின் மேல் படிந்த களிம்பை. அது போனால் விளக்குக்கு நல்லது. வீலில் உலோகத்தின் மேலிருக்கும் படலம்தான் நாம் காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட பூச்சு. அதிலும் அலுமினியம் புளிப்பு, காரம் இரண்டையும் தாங்காத உலோகம்; புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பிஎச் அளவில் ஏறத்தாழ 4இலிருந்து 8.5 வரைதான் அதன் இயற்கையான காப்புப் படலம் நிலைத்து நிற்கும். ஆசிட் ஆகாது என்று தெரிந்தவர்கள்கூட, காஸ்டிக் என்னும் காரம் கலந்த, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் கடுமையான டீகிரீசரை அடித்துவிட்டு, ஆசிட் போடவில்லை என்று நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். விளைவு ஏறக்குறைய ஒன்றுதான்.

அந்த வெளிறிய கோடுகளைக் காட்டி மேலும் இரண்டு இடங்களில் கேட்டேன். ஓரிடத்தில் பாலிஷ் போட்டால் போய்விடும் என்றார்கள். பளபளப்பில்லாத பூச்சைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் எண்ணெய் தடவியதுபோல மின்னும், பிறகு அதைத் திரும்பவும் மங்கலாக்க வழியே இல்லை என்பதை நல்லவேளையாகப் படித்திருந்தேன். இன்னோர் இடத்தில், செராமிக் கோட்டிங் செத்துவிட்டது, தண்ணீர் முத்துமுத்தாக நிற்கவில்லை பாருங்கள், புதிதாகப் போட 6,000 ரூபாய் என்றார்கள். அதற்குப் பிறகுதான் நண்பர் ஒருவர் சொல்லித் தண்டையார்பேட்டைக் கடைக்குப் போனேன்.

போனதும் அங்கே யாரும் தண்ணீர்க் குழாயை எடுக்கவில்லை. கடைக்காரர் கீழே உட்கார்ந்து வீலைத் தொட்டுப் பார்த்தார். "சூடு ஆறட்டும் சார், அதுவரைக்கும் டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லி, என்னைக் கிட்டத்தட்ட அரை மணி நேரம் காக்க வைத்தார். அந்த நேரத்தில் அவர் கேட்ட கேள்விகள்தான் இந்தக் கடையைப் பற்றி எனக்கு நம்பிக்கை தந்தன. பூச்சு கம்பெனியில் போட்டதா, வெளியே போட்டதா, பவுடரா பெயிண்டா, எந்த ஆண்டு போட்டது, மேலே செராமிக் உண்டா, கடைசியாக எந்த மருந்து, அதாவது சுத்தம் செய்யும் திரவம், பட்டது என்று வரிசையாகக் கேட்டார். வெயிலில் உலோகம் சூடாக இருந்தால் எந்த மருந்தும் வேகமாக வேலை செய்யும், கூடவே வேகமாகக் காயும். காய்ந்த இடத்தில்தான் தடம் விழும் என்பது அவர் விளக்கம். சென்னை வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் வீலுக்கு மருந்து அடிப்பதில்லை என்பதை அவர் ஒரு விதியாகவே வைத்திருக்கிறார். மாலை நேரத்தில் கொட்டகைக்குள் நிழலில் மட்டும் அடிக்கிறார்.

இங்கே பிரேக் தூளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது பிரேக் பேடும் தேய்கிறது, வார்ப்பிரும்பாலான டிஸ்கும் தேய்கிறது. பேடில் எஃகு இழை, இரும்புத் தூள், கிராஃபைட், இவற்றையெல்லாம் பிணைக்கும் பிசின் எனப் பலவும் உண்டு. ஆகவே வீலில் படியும் கறுப்பில் ஒரு பங்கு இரும்பு, இன்னொரு பங்கு கரியும் பிசினும். இரும்புத் துகள்கள் உரசிய சூட்டோடு வந்து விழுவதால் பூச்சின் மேற்பரப்பில் பதிந்துவிடுகின்றன. பிறகு ஈரம் பட்டுத் துருப்பிடித்து, செம்பழுப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. பெரம்பூர் ரயில் பணிமனைகளை ஒட்டி வண்டி நிறுத்துபவர்களுக்கு இதே புள்ளிகள் கதவிலும் கூரையிலும்கூட வரலாம். ரயிலின் சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் உரசி வரும் தூளும் இரும்புதான்.

வடசென்னையில் இந்தத் தூள் மற்ற இடங்களைவிட மோசமாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணங்கள் உண்டு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் பத்தடி நகர்ந்து, நின்று, மறுபடி பத்தடி நகரும் ஓட்டத்தில் பிரேக்கின் மேலிருந்து காலை எடுக்கவே முடிவதில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்றின் உப்பு இரும்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கிறது. அனல்மின் நிலையங்கள் இருக்கும் பக்கத்திலிருந்து வரும் சாம்பலின் நுண்துகள்கள் கண்ணாடித் தன்மை கொண்டவை, கடினமானவை. இவை மூன்றும் சேர்ந்த ஒரு படிவத்தை உலர்ந்த துணியால் துடைப்பது, உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பதற்குச் சமம். காலையில் வண்டியைத் துடைக்க வருபவர் அன்போடு வீலையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறாரா என்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள். என் வீல்களில் இருந்த மெல்லிய கீறல்களுக்கு ஆசிட் காரணமில்லை, அந்த அன்புதான் காரணம்.

சூடு ஆறிய பிறகு முதல் வேலையாக வெறும் தண்ணீர். அதன் பிறகு சாதாரணக் கார் ஷாம்பு. எடுத்த எடுப்பில் மருந்தை அடிக்காமல் ஷாம்பு ஏன் என்று கேட்டேன். நாம் காணொளிகளில் பார்த்து வியக்கும், ஊதா நிறமாக மாறி வழியும் அயர்ன் ரிமூவர் இரும்போடு மட்டும்தான் வினைபுரியும். கரியும் பிசினும் எண்ணெயும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அவை மேலே மூடிக்கொண்டிருந்தால் மருந்து கீழேயிருக்கும் இரும்பைத் தொடவே தொடாது. ஆகவே மேலிருக்கும் அழுக்கை முதலில் ஷாம்பு எடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த வரிசையைக் கடைப்பிடிக்கும் கடைகள் குறைவு. முதலிலேயே மருந்தை அடித்து, நிறம் மாறுவதை வாடிக்கையாளருக்குக் காட்டினால்தானே கைதட்டு கிடைக்கும்!

அயர்ன் ரிமூவரின் முக்கியமான சேர்மானம் தயோகிளைகோலேட் என்னும் உப்பு. துருவாக இருக்கும் இரும்போடு சேர்ந்து ஊதா கலந்த சிவப்பு நிறமுள்ள, தண்ணீரில் கரையும் ஒரு சேர்மத்தை அது உண்டாக்குகிறது. இதன் வாடை அழுகிய முட்டையை நினைவூட்டும். அழகு நிலையங்களில் முடியைச் சுருட்டும் கரைசலிலும் இதே வகைப் பொருள் இருப்பதால், பழகியவர்களுக்கு உடனே தெரியும். இதன் சிறப்பு, பிஎச் 7ஐ ஒட்டிய நடுநிலையிலேயே வேலை செய்வதுதான். புளிப்பும் இல்லை, காரமும் இல்லை என்பதால் பவுடர் கோட்டிங்கையும் செராமிக்கையும், பெயிண்டின் மேலிருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டையும் அது சீண்டுவதில்லை. கடைக்காரர் புதிய கேன் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தாளைக் கேனின் மேலேயே ஒட்டி வைக்கிறார். ஒரு சிறு தாள்தான்; ஆனால் சீட்டில்லாத புட்டியால் அடிபட்டவன் என்ற முறையில் எனக்கு அது பெரிதாகப் பட்டது.

மருந்தை அடித்து மூன்று, நான்கு நிமிடங்கள் விட்டார். எந்த இடத்திலும் காயவிடவில்லை. காய்வதுபோலத் தெரிந்த இடத்தில் தண்ணீரைத் தூவினார். நீண்ட மென்முடித் தூரிகையால் ஆரங்களுக்குப் பின்னாலும், சிறியதொரு தூரிகையால் நட்டுக் குழிகளுக்குள்ளும் அழுத்தாமல் துழாவினார். முதல் முறை என்பதால் வீல்களைக் கழற்றி உட்புறத்தையும் செய்தார்கள். திரும்ப மாட்டும்போது இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்கியதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது சுற்று மருந்துக்குப் பிறகும் முன்வீலின் உட்புறத்தில் சில செம்புள்ளிகள் மிச்சம் இருந்தன. பதிந்த துகள்களை ஒட்டியெடுக்கும் டீட்டெய்லிங் களிமண்ணால் தேய்த்து எடுக்கலாமே என்று கேட்டேன். "இதுக்கு மேல தேய்ச்சா தூள் வராது சார், கோட்டிங்தான் வரும்" என்றார். வாடிக்கையாளர் கேட்டும் செய்ய மாட்டேன் என்று சொல்லும் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை.

செராமிக் செத்துவிட்டதா என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்தது. அலசி முடித்ததும் பின்வீல்கள் இரண்டிலும், முன்வீல்களில் பெரும்பகுதியிலும் தண்ணீர் மறுபடியும் முத்துமுத்தாக உருண்டது. பூச்சு சாகவில்லை, அதன் மேல் இரும்பும் அழுக்கும் அடைத்துக்கொண்டிருந்தன. ஆசிட் வழிந்த தடங்களில் மட்டும் தண்ணீர் படர்ந்து நின்றது. ஆக, 6,000 ரூபாய் செலவு என்று சொல்லப்பட்ட வேலை, கழுவுவதோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. மீண்டும் கோட்டிங் போடச் சொல்லும் எந்தக் கடையிலும், முதலில் இரும்பை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றிக் காட்டுங்கள் என்று கேட்பது நல்லது. வெளிறிய கோடுகள் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் அதற்கு இவர்கள் பொறுப்பில்லை.

காலிப்பரிலும் டிஸ்கிலும் அவர்கள் காட்டிய கவனம் வேறு வகையானது. உலர்ந்த தூளைக் காற்றுக் குழாயால் ஊதவில்லை; அந்தத் தூளை மூச்சில் இழுப்பது, பேடில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத நிலையில், யாருக்கும் நல்லதில்லை. நனைத்துத்தான் எடுத்தார்கள். பல மெக்கானிக் ஷெட்டுகளில் காலிப்பரைத் தின்னரில் நனைத்த துணியால் துடைக்கும் பழக்கம் உண்டு. தின்னர் பவுடர் கோட்டிங்கை இளக்கி மங்கவைக்கும். இங்கே ஷாம்புவும் தூரிகையும்தான். துருவைத் தடுப்பதற்காகத் துத்தநாகம் கலந்த சாம்பல் பூச்சோடு வரும் டிஸ்குகள் இப்போது கிடைக்கின்றன. பேட் உரசாத நடுப்பகுதியிலும் விளிம்பிலும் அந்தப் பூச்சு நிற்கும், ஆசிட் பட்டால் கரைந்துவிடும். உங்கள் வண்டியில் அத்தகைய டிஸ்க் இருந்தால் கடையில் முன்கூட்டியே சொல்லுங்கள். வேலை முடிந்ததும், சந்திலேயே மெதுவாக ஓட்டி நான்கைந்து முறை பிரேக்கை மிதித்து ஈரத்தை உலர்த்திவிட்டுச் சாலைக்குப் போகச் சொன்னார்கள். இதைச் சொல்லாத கடையில் உங்கள் பூச்சு பிழைத்தாலும் நீங்கள் பிழைப்பது உறுதியில்லை.

குறைகளுக்கு வருகிறேன். முதல் முறை கடைசி அலசலுக்குப் போர் தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். கடலோரத்தில் போர் தண்ணீரின் உப்பையும் கடினத்தையும் வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அடர்நிற வீலில் அது காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டுக் கடைசியில் தண்ணீரில் கோட்டை விட்டீர்களே என்று நான் சொன்ன பிறகு, அடுத்த முறை மெட்ரோ தண்ணீரைக் குடத்தில் பிடித்துவைத்து அலசி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தார்கள். வாடிக்கையாளர் சொல்லித்தான் நடக்க வேண்டும் என்பது கொஞ்சம் வருத்தம். மற்றொன்று, கேட்காமலே டயருக்குப் பளபளப்பு எண்ணெய் பூசிவிடுகிறார்கள். வண்டி ஓடும்போது அது வீலின் மேல் தெறித்து, அடுத்த வாரத்துத் தூளை வரவேற்று உட்கார வைக்கிறது. வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான், அதிலும் பெரும்பாலும் ஷாம்பு வாளி இருக்கும். மூன்று முறையும் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாண்டித்தான் வண்டி கிடைத்தது.

எனக்கு உண்மையாகவே உறுத்துவது வேறு. இரும்பும் பேடின் உலோகத் தூளும் கலந்த ஊதாத் தண்ணீர் நேராகத் தெருவின் மழைநீர் வடிகாலில் போய் விழுகிறது. பிரேக் பேடிலிருந்து வரும் தாமிரம் மீன்களுக்கு நஞ்சு என்பதற்காகவே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2010இல் பேடில் தாமிரத்தைக் குறைக்கச் சட்டம் இயற்றியது. மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தொலைவில் இருக்கும் ஓர் ஊரில், ஒரு வண்டல் தொட்டிகூட இல்லாமல் இதைச் செய்வது சரியில்லை என்று கடைக்காரரிடம் சொன்னேன். இடமில்லை என்றார். இடம் இல்லாததும் உண்மைதான்.

வீட்டில் செய்துகொள்ள முடியாதா என்றால், பெரும்பகுதியை முடியும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆறிய வீலில் ஷாம்புத் தண்ணீர் போட்டு மென்மையான தூரிகையால் கழுவினால், இரும்பு பதியும் முன்பே பாதி போய்விடும். வீலுக்கு வைத்த வாளியையும் துணியையும் வண்டியின் உடலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அயர்ன் ரிமூவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் அடிக்கத் தேவையில்லை; அடிக்கும்போது கையுறை வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நான் ஒரு முறை அடித்தபோது, அந்த வாடையை முகர்ந்து, கழிவுநீர்த் தொட்டி உடைந்துவிட்டது என்று முதல் மாடிக்காரர் சங்கச் செயலாளரைக் கூட்டிவந்துவிட்டார்.

மூன்றாம் முறை சென்ற மாதம் போனேன். கடைக்காரர் நான்கு வீல்களிலும் ஷாம்பு முடித்துவிட்டு, பின்வீல் ஒன்றில் கையகலத்துக்கு மட்டும் மருந்தைத் தெளித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நிறம் மாறவில்லை. டிரம் பிரேக்கின் தூள் பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுவதால், முதல் முறை எடுத்த பிறகு பின்வீல்களில் எடுக்க ஒன்றும் சேரவில்லை. மருந்தை முன்வீல்களுக்கு மட்டும் அடித்துவிட்டு, நான் நீட்டிய 1,000 ரூபாயில் 500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.